வழக்கறிஞர் நோட்டீஸ் வந்திருக்கிறது: சிறிய அளவில் கருவி செய்து விற்பவர் காப்புரிமை மீறல் அபாயத்தை எப்படிக் கையாள்வது?

அம்பத்தூர்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு வாடகைக் கூடத்தில், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் தண்ணீர் மோட்டாரைத் தானாக இயக்கி நிறுத்தும் கன்ட்ரோலர் பெட்டிகளைச் செய்து விற்று வருகிறேன். என்னையும் சேர்த்து மூன்று பேர் வேலை பார்க்கிறோம். மாதம் 30 முதல் 40 பெட்டிகள் போகும். கம்பெனி என்று தனியாக எதுவும் கிடையாது. என் பெயரில் ஜிஎஸ்டி பதிவு வைத்திருக்கும் தனிநபர் தொழில்தான்.

சென்னையின் போர்வெல் தண்ணீரை அறிந்தவர்களுக்கு இந்தத் தொழில் எப்படித் தொடங்கியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. கடையில் கிடைக்கும் பல கன்ட்ரோலர்களில் தொட்டிக்குள் தொங்கும் எஃகுக் கம்பிகள்தான் நீர்மட்டத்தை உணர்கின்றன. சில மாதங்களில் அந்தக் கம்பிகளின் மேல் உப்பு வெள்ளையாகப் படிந்துவிடும். அதன்பின் மேல்தொட்டி நிரம்பி வழிந்தாலும் அது காலியாகவே இருப்பதாகப் பெட்டி எடுத்துக்கொள்ளும். 2019 கோடையில் நகரம் முழுவதும் லாரித் தண்ணீரை நம்பியிருந்தபோது, சம்ப் (நிலத்தடித் தொட்டி) வறண்டது தெரியாமல் ஓடி எரிந்துபோன மோட்டார்களை நானே எண்ணிப் பார்த்திருக்கிறேன். என் மைத்துனர் குடியிருக்கும் முகப்பேர் அடுக்ககத்தின் மோட்டாரும் அப்படிப் போனதுதான். அவர்களுக்காகக் காந்த மிதவையும், காந்தம் அருகே வந்தால் இயங்கும் ரீட் சுவிட்சும் வைத்து முதல் பெட்டியைச் செய்தேன். சம்ப் வறண்டால் மோட்டார் நிற்கும். லாரி வந்து சம்ப் நிறைந்ததும் சில நிமிடங்கள் கழித்துத் தானே மீண்டும் ஓடும். இன்றும் நான் விற்பது ஏறக்குறைய அதே பெட்டிதான்.

போன வாரம் பதிவுத் தபாலில் ஒரு வழக்கறிஞர் நோட்டீஸ் வந்தது. அண்டை மாநிலத்தில் உள்ள, என்னைவிடப் பல மடங்கு பெரிய ஒரு நிறுவனத்தின் சார்பில் அனுப்பியிருக்கிறார்கள். வறண்ட நிலையில் மோட்டாரைக் காக்கும் தானியங்கி முறை தங்கள் காப்புரிமைக்கு (பேட்டன்ட்டுக்கு) உட்பட்டது என்றும், 15 நாள்களுக்குள் விற்பனையை நிறுத்தி, கையிருப்பை ஒப்படைத்து, இணைத்திருக்கும் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும் என்றும், தவறினால் நீதிமன்றத்தில் தடையாணையும் இழப்பீடும் கோரப்படும் என்றும் எழுதியிருக்கிறது. 202241 என்று தொடங்கும் 12 இலக்க எண் ஒன்றையும் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

அவர்களுடைய கருவியை நான் கண்ணால் கண்டதில்லை. யாரையும் பார்த்துச் செய்யாமல் சொந்தமாக யோசித்துச் செய்தது எனக்குப் பாதுகாப்பாகாதா? சிங்கப்பூரில் உள்ள நண்பர் 50 பெட்டிகள் கேட்டிருக்கிறார், அவற்றை அனுப்பலாமா? பிறருடைய காப்புரிமை ஆவணங்களைப் படிக்கவே கூடாது, படித்தால் தெரிந்தே மீறியதாகிவிடும் என்று இணையத்தில் சிலர் எழுதுகிறார்களே, அது சரியா?

கிண்டி முகவர்

நான் காப்புரிமை முகவராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதை மட்டும் நிறுத்திவையுங்கள். மற்றவற்றைப் பொறுமையாகப் பார்க்கலாம்.

நோட்டீஸில் இருக்கும் எண்ணே பாதிக் கதையைச் சொல்கிறது. 12 இலக்கங்கள் கொண்டது விண்ணப்ப எண். முதல் நான்கு இலக்கங்கள் விண்ணப்பித்த ஆண்டைக் குறிக்கும். ஐந்தாவது இலக்கம் எந்த அலுவலகம் என்பதைச் சொல்லும்: 1 டெல்லி, 2 மும்பை, 3 கொல்கத்தா, 4 சென்னை. ஆறாவது இலக்கம் விண்ணப்பத்தின் வகை. 1 என்றால் சாதாரண விண்ணப்பம். காப்புரிமை அளிக்கப்பட்டுவிட்டால் அதற்குத் தனியாக ஆறு இலக்க எண் ஒன்று கிடைக்கும், அதைத்தான் நோட்டீஸில் போட்டு மிரட்டுவார்கள். உங்களுக்கு வந்ததில் அது இல்லை. ஆகவே 2022-ல் கிண்டியில் உள்ள நம் சென்னை அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் தாக்கலானது என்பதற்கு மேல் இப்போதைக்கு எதுவும் நிறுவப்படவில்லை.

காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் என்ற தேடுதளம் இலவசமானது. அந்த எண்ணை அதில் இட்டால் விண்ணப்பத்தின் நிலை, வெளியான ஆவணம், பரிசோதகர் அனுப்பிய முதல் அறிக்கை, அதற்கு அவர்கள் கொடுத்த பதில் எல்லாம் கிடைக்கும். பலர் விண்ணப்பத்தை மட்டும் படித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பயன்பட்டது எப்போதும் அந்தப் பரிசோதனை அறிக்கையும் பதிலும்தான். இது ஏற்கெனவே உள்ளதுதானே என்று பரிசோதகர் எந்தெந்தப் பழைய ஆவணங்களைக் காட்டினார், அதைத் தாண்டுவதற்காக விண்ணப்பதாரர் தம் கோரிக்கையில் எதைச் சேர்த்துச் சுருக்கிக்கொண்டார் என்பது அங்கேதான் எழுத்தில் இருக்கும்.

விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் மீறல் வழக்குப் போட முடியாது. காப்புரிமைச் சட்டம் 1970-ன் 11ஏ பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அதே பிரிவில் ஒரு கொக்கியும் இருக்கிறது: பின்னாளில் காப்புரிமை அளிக்கப்பட்டால், விண்ணப்பம் வெளியான தேதியிலிருந்தே அவருக்கு உரிமை இருந்ததாகக் கொள்ளப்படும். எனவே நிலுவையில் இருக்கிறது என்று தெரிந்தவுடன் நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். இடைப்பட்ட காலத்து விற்பனைக்கும் பிற்பாடு கணக்குக் கேட்கலாம்.

இனி உள்ளடக்கத்துக்கு வருவோம். ஒரு காப்புரிமை எதைத் தடுக்கிறது என்பதைத் தலைப்போ படங்களோ விளக்கவுரையோ தீர்மானிப்பதில்லை. ஆவணத்தின் கடைசியில் வரிசை எண்ணிட்டு இருக்கும் உரிமைக்கோரல்கள்தான் தீர்மானிக்கின்றன. தொழிலில் கிளெய்ம் என்றே சொல்கிறோம். முதல் கிளெய்மை அச்செடுத்து, அதன் ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனி வரியாகப் பிரித்து எழுதுங்கள். எதிரே, உங்கள் பெட்டியில் அது இருக்கிறதா இல்லையா என்று குறியுங்கள். ஏழு உறுப்புகளில் ஆறு மட்டும் உங்களிடம் இருந்தால், பொதுவாக அந்தக் கிளெய்ம் உங்களைத் தொடாது. மற்றொரு கிளெய்மைச் சுட்டிக்காட்டித் தொடங்குபவை சார்புக் கிளெய்ம்கள். எதையும் சாராமல் தனித்து நிற்பவை எத்தனை என்று தேடி, அவை எல்லாவற்றையும் இப்படியே பிரித்துப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இருக்கும் உறுப்பை நீக்கிவிட்டு, அதே வேலையை அதே விதத்தில் செய்யும் வேறொன்றைப் பெயருக்கு வைத்தால் நீதிமன்றம் ஏமாறாது. பிலிம் சுருள் பார்க்கும் சிறு கருவி ஒன்றைப் பற்றி டெல்லி உயர் நீதிமன்றம் 1977-ல் அளித்த தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது; கண்டுபிடிப்பின் சாரத்தை எடுத்துக்கொண்டு அற்ப மாறுதல் செய்ததை மீறல் என்றே கொண்டார்கள்.

சொந்தமாக யோசித்ததா என்ற கேள்விக்குப் பதில் கசப்பானது. பதிப்புரிமையில் அது பாதுகாப்பு, காப்புரிமையில் இல்லை. நீங்கள் அவர்களைக் கேள்விப்படாமலே செய்திருந்தாலும் மீறல் மீறல்தான். 111-வது பிரிவு ஒரு சிறு நிழல் தருகிறது: காப்புரிமை இருப்பது தெரியாது, தெரிந்திருக்க நியாயமான காரணமும் இல்லை என்று நிறுவினால் இழப்பீடு கிடையாது. பொருளின்மேல் காப்புரிமை பெற்றது என்று மட்டும் அச்சிட்டு எண்ணைப் போடாமல் விட்டால் அது அறிவிப்பாகாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் தடையாணைக்கு அந்த நிழல் பொருந்தாது. நோட்டீஸ் கைக்கு வந்த நாளோடு அது பெரும்பாலும் தேய்ந்தும் போகிறது.

படிக்கக் கூடாது என்ற அறிவுரை அமெரிக்காவிலிருந்து வருவது. அங்கே வேண்டுமென்றே மீறினால் நீதிமன்றம் இழப்பீட்டை மூன்று மடங்குவரை உயர்த்தலாம். அந்தப் பயத்தில் சில நிறுவனங்கள் தம் பொறியாளர்களைப் படிக்க விடுவதில்லை. நம் சட்டத்தில் அப்படி ஒரு மும்மடங்கு விதி கிடையாது. இங்கே படிக்காமல் இருப்பதுதான் செலவு வைக்கும்.

தேங்காய்த் துருவி

மேலே உள்ளவர் கையெழுத்துப் போடாதீர்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் போட்டவன், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் கல்யாண மண்டபங்களுக்கு மோட்டார் வைத்த தேங்காய்த் துருவி செய்துவந்தேன். மூடியைப் பிடித்துக்கொள்ளும் கவ்வி என்னுடைய யோசனை. ஒருநாள் இதேபோல ஒரு நோட்டீஸ் வந்தது. அதில் முறையான ஆறு இலக்க எண்ணே இருந்தது. படித்த அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாளே உறுதிமொழியில் கையெழுத்திட்டு, பட்டறையில் இருந்த 22 இயந்திரங்களையும் அவர்கள் சொன்ன கிடங்கில் இறக்கிவிட்டு, வண்டி வாடகையையும் நானே கொடுத்துவிட்டு வந்தேன். வழக்கறிஞரைப் பார்த்தால் செலவாகும் என்று நினைத்ததுதான் காரணம்.

ஓராண்டு கழித்து வேறு ஒரு வேலையாகச் சென்ற இடத்தில் ஒரு முகவர் அந்த எண்ணைத் தட்டிப் பார்த்தார். புதுப்பிப்புக் கட்டணம் கட்டாததால் எனக்கு நோட்டீஸ் வருவதற்கு வெகுநாள் முன்பே அந்தக் காப்புரிமை காலாவதியாகியிருந்தது. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் என்பது உச்சவரம்புதான். இடையில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதைவிடப் பெரிய அடி, காப்புரிமை செத்தாலும் நான் எழுதிக்கொடுத்த உறுதிமொழி சாகவில்லை என்பது. அது தனி ஒப்பந்தம். அதில் காலவரம்பு எதுவும் போட்டிருக்கவில்லை. அந்தக் கவ்வியை நான் மறுபடி தொடவே இல்லை. இப்போது மாவு கலக்கும் இயந்திரம் செய்கிறேன்.

அம்பத்தூர்வாசி

இருவருக்கும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து பிரித்தெழுதினேன். விண்ணப்பம் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. பரிசோதகர் அறிக்கை வந்து, அதற்குப் பதிலும் கொடுத்திருக்கிறார்கள். முதலில் அவர்கள் கேட்டிருந்தது மிகப் பரந்தது: மேல்தொட்டியில் ஓர் உணரி, சம்பில் ஓர் உணரி, சம்ப் வறண்டால் மோட்டாரை நிறுத்தும் கட்டுப்பாட்டகம், நீர் வந்தபின் குறித்த நேரம் கழித்து மீண்டும் இயக்கும் அமைப்பு. அதைப் படித்தபோது என் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதியதைப் போலவே இருந்தது.

ஆனால் பரிசோதகர் பழைய ஆவணங்களைக் காட்டிய பிறகு இரண்டு உறுப்புகளைச் சேர்த்திருக்கிறார்கள். மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தைத் தொடர்ந்து அளந்து, அது ஓர் அளவுக்குக் கீழே இறங்குவதைக் கொண்டு வறட்சியை அறிவது ஒன்று. முந்தைய நாள்களின் அளவீடுகளைப் பதிந்துவைத்து, மீண்டும் இயக்கும் நேரத்தைத் தானே மாற்றிக்கொள்வது மற்றொன்று. நான் மின்னோட்டத்தை அளப்பதே இல்லை, மிதவை மட்டும்தான். ஆகவே இப்போது விற்கும் பெட்டியில் இரண்டு உறுப்புகளுமே கிடையாது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பொங்கலுக்குப் பிறகு கொண்டுவரலாம் என்று நான் வடிவமைத்திருக்கும் புதிய மாதிரியில் மின்னோட்ட உணரி இருக்கிறது, அளவீடுகளைச் சேமிக்கும் நினைவகமும் இருக்கிறது. மின்சுற்றுப் பலகை அச்சிடக் கொடுத்தாகிவிட்டது.

பாரிமுனை வக்கீல்

உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்து வழக்குகளில் அவ்வப்போது ஆஜராகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஆவணங்களைப் பார்க்காமல் சொல்வது என்பதால் இதை உங்கள் வழக்கறிஞருக்கு மாற்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சிறு தொழில் செய்பவர்கள் கடைசியில் கட்ட வேண்டிய இழப்பீட்டை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை அவர்களை வீழ்த்துவது இழப்பீடு அல்ல, முதல் வாரத்தில் வரும் இடைக்காலத் தடை. எதிர்த்தரப்பைக் கேட்காமலே தடை வாங்கி, வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமிக்கச் செய்து, அவர் வந்து கையிருப்பைக் கணக்கெடுத்து முத்திரையிட்டுவிட்டுப் போனால், இறுதித் தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாக வரும்போது பட்டறை இருக்காது. இதைத் தவிர்க்கவே கேவியட் மனு இருக்கிறது. அதைத் தாக்கல் செய்துவிட்டால் உங்களுக்குத் தெரிவிக்காமல் உத்தரவு பெறுவது கடினம். ஆனால் அது 90 நாள்களுக்குத்தான் செல்லும். காப்புரிமையே அளிக்கப்படாத இப்போது அதைப் போட்டு வீணாக்க வேண்டாம். வாரம் ஒருமுறை இன்பாஸைப் பாருங்கள். அளிக்கப்பட்டது என்று நிலை மாறிய மறுநாள் போடுங்கள். இங்கேயும், அவர்கள் வழக்குப் போடக்கூடிய மற்ற இடங்களிலும் போடலாம்.

பெரிய நிறுவனங்களுக்கே இது எப்படி இருந்தது என்பதற்கு நம் ஊர் வழக்கே சான்று. 125 சிசி மோட்டார் சைக்கிள் எஞ்சினில் இரட்டை ஸ்பார்க் பிளக் பயன்படுத்தியது தொடர்பாக பஜாஜுக்கும் டிவிஎஸ்ஸுக்கும் இடையே நடந்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2008 பிப்ரவரியில் டிவிஎஸ்ஸுக்கு இடைக்காலத் தடை விதித்தார். 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. அந்த ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், டிவிஎஸ் விற்கலாம், கணக்கை ஒழுங்காக வைத்திருக்க வேண்டும், அசல் வழக்கை விரைந்து முடிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. விரைந்து என்று சொல்லியும் விவகாரம் 2019-ல் சமரசத்தில்தான் முடிந்தது. ஓராண்டுக்கு மேல் நீண்ட தடையை டிவிஎஸ் தாங்கியது; 40 பெட்டி விற்பவர் தாங்க மாட்டார்.

அந்த வழக்கில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஆதாரமற்ற மிரட்டல் என்று சொல்லி முதலில் நீதிமன்றம் சென்றது டிவிஎஸ்தான். 106-வது பிரிவு அதற்கு வழி செய்கிறது: மீறல் வழக்கு என்று காரணமின்றி மிரட்டப்பட்டவர், அந்த மிரட்டல் நியாயமற்றது என்ற அறிவிப்பையும், அது தொடராதிருக்கத் தடையையும், நட்டம் ஏற்பட்டிருந்தால் இழப்பீட்டையும் கோரலாம். எங்களுக்கு ஒரு காப்புரிமை இருக்கிறது என்று வெறுமனே தெரிவிப்பது மட்டும் மிரட்டல் ஆகாது. உங்களுக்கு வந்த கடிதம் அந்த எல்லையைத் தாண்டிவிட்டது என்பது என் கருத்து. அதற்காக உடனே வழக்குப் போடச் சொல்லவில்லை. பதில் நோட்டீஸில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு பத்தி எழுதினாலே எதிர்த்தரப்பின் குரல் பெரும்பாலும் இறங்கிவிடும்.

பதில் நோட்டீஸ் அவர்கள் குறித்த 15 நாள்களுக்குள் போகட்டும், சுருக்கமாகவும் இருக்கட்டும். அளிக்கப்பட்ட காப்புரிமை எண் என்ன, எந்தக் கிளெய்ம், என் பொருளின் எந்த மாதிரி என்று கேளுங்கள். குற்றச்சாட்டை மறுப்பதாகச் சொல்லுங்கள். உங்கள் சுற்று வரைபடத்தை வரிவரியாக விளக்கி எழுதிக்கொடுக்காதீர்கள், புதிய மாதிரியைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றிப் புலம்புவதையும் நிறுத்துங்கள். எதையும் அழிக்கவும் வேண்டாம்.

அடுத்து, முகப்பேர் பெட்டி. அவர்கள் விண்ணப்பித்தது 2022. தற்காலிக விண்ணப்பத்தோடு தொடங்கியிருந்தாலும், புதுமையை ஒப்பிடும் முன்னுரிமைத் தேதி அந்த எண்ணில் உள்ள ஆண்டுக்கு முன் போகாது. அப்போதும் 2019 முந்தியதுதான். இந்தியாவில் அந்தத் தேதிக்கு முன் பொதுப் பயன்பாட்டில் இருந்தது என்பது காப்புரிமை மறுக்கப்படுவதற்கும், அளித்தபின் நீக்கப்படுவதற்கும் உரிய காரணம். ஆனால் உங்கள் பழைய பில்லில் என்ன எழுதியிருக்கிறது? தண்ணீர் கன்ட்ரோலர் 1 என்று மட்டும்தான் இருக்கும். பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதை அது நிரூபிக்காது. அந்தப் பெட்டி இன்னும் சுவரில் இருந்தால் அதைக் கழற்றாதீர்கள், பழுது பார்க்காதீர்கள். சங்கத்தின் செயலாளரை அருகில் வைத்துக்கொண்டு மூடியைத் திறந்து படமெடுங்கள். அன்றைய நிரல் கோப்பு, பலகை அச்சிடக் கொடுத்த மின்னஞ்சல், சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் செலவு எழுதிய பக்கம் ஆகிய மூன்றும் கிடைத்தால் பில்லைவிட வலுவானவை.

இனி புதிய மாதிரி. இங்கே 2019 பெட்டி உங்களுக்கு முழுமையாக உதவாது, ஏனென்றால் அதில் மின்னோட்ட அளவீடு இல்லை. அந்தக் கிளெய்ம் அப்படியே அளிக்கப்பட்டால் புதிய பலகை நேராக அதற்குள் போய் உட்காரும். இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று, அளிப்பதற்கு முன் எதிர்ப்பு. 25(1) பிரிவின்படி விண்ணப்பம் வெளியானபின், காப்புரிமை அளிக்கப்படும் வரை யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். 2024 விதிகளுக்குப் பிறகு அதற்குக் கட்டணம் உண்டு, மனு ஏற்கத்தக்கதா என்பதையும் காப்புரிமை அலுவலகத்தின் கட்டுப்பாட்டாளர் முதலில் பார்ப்பார். சம்மர்சிபிள் மோட்டார் பேனல்களில் மின்னோட்டம் குறைவதை வைத்து டிரை ரன்னை, அதாவது தண்ணீரில்லாமல் ஓடுவதை, கண்டுபிடிக்கும் ரிலேக்கள் வெகுகாலமாக இருக்கின்றன. தேதியிட்ட பழைய விலைப்பட்டியல்களும் கையேடுகளும் கிடைத்தால், முதல் உறுப்பில் புதிதாக ஒன்றுமில்லை என்று வாதிடலாம். அளித்தபின் என்றால் ஓராண்டுக்குள், அதுவும் தொடர்புடையவர் மட்டுமே எதிர்க்க முடியும். அதன் பிறகு உயர் நீதிமன்றத்தில் நீக்கல் மனு.

மற்றொன்று, பலகையை மாற்றுவது. நேரத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் வசதி உங்கள் வாடிக்கையாளருக்கு உண்மையிலேயே வேண்டுமா என்று யோசியுங்கள். அந்த ஒன்றை விட்டுவிட்டு, நிலையான நேரத்தைத் திருகி அமைத்துக்கொள்ளும் வகையில் வைத்தால் கிளெய்மின் ஓர் உறுப்பு முழுதாக இல்லாமல் போகிறது. வழக்காடுவதைவிட ஒரு தொகுதிப் பலகையைத் தூக்கிப் போடுவது மலிவு என்று நான் கட்சிக்காரர்களிடம் சொல்வது வழக்கம். அவர்கள் முகம் சுளிப்பதும் வழக்கம்.

அளிக்கப்பட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். பரிசோதித்து அளித்தது என்பதாலேயே அந்தக் காப்புரிமை செல்லும் என்பதற்குச் சட்டம் உத்தரவாதம் தருவதில்லை. மிர்சாபூர் பாத்திரத் தொழிலில், கடைசல் எந்திரத்தில் பாத்திரத்தைப் பிடித்து நிறுத்தும் முறைக்கு 1951-ல் விண்ணப்பித்துப் பெற்ற காப்புரிமை, ஏற்கெனவே தெரிந்ததில் செய்த சிறு மாற்றமே தவிர கண்டுபிடிப்பு அல்ல என்று 1978-ல் உச்ச நீதிமன்றத்தில் வீழ்ந்தது. வென்றவரும் ஒரு பாத்திரத் தயாரிப்பாளர்தான். எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ரிச்சி தெரு வாசகர்

மற்றவர்கள் தொடாத சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

சிங்கப்பூர் ஆர்டர்: காப்புரிமை நாட்டுக்கு நாடு தனி. இந்திய விண்ணப்பம் அங்கே செல்லாது. அங்கே அவர்கள் தனியாக விண்ணப்பித்திருக்கிறார்களா என்பதைச் சிங்கப்பூர் பதிவேட்டில் பார்க்க வேண்டும். ஆனால் ஏற்றுமதிக்காகத்தானே செய்கிறேன் என்ற வாதம் இங்கே எடுபடாது. 48-வது பிரிவில் விற்பது மட்டுமல்ல, தயாரிப்பதும் உரிமையாளரின் அனுமதிக்கு உட்பட்டது. அம்பத்தூரில் செய்தாலே போதும்.

கம்பியில்லா தொடர்புக்கான மாட்யூல் வாங்கினால் தயாரிப்பாளரின் அசல் சிப்பையே, பில்லோடு வாங்குங்கள். காப்புரிமைப் பிரச்சினை வந்தால் பொறுப்பேற்கிறேன் என்று எங்கள் ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் யாராவது எழுதித் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். பெட்டியைத் திறந்தால் திரும்ப வாங்க மாட்டோம் என்பதுதான் இங்கே கிடைக்கும் ஒரே எழுத்துப்பூர்வமான வாக்குறுதி.

பெட்டியின் வெளித்தோற்றத்துக்கு வேறு சட்டம். வடிவமைப்புப் பதிவு 10 ஆண்டுகளுக்கும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளுக்கும் உண்டு. காப்புரிமையை மட்டும் தேடிவிட்டு இதை மறப்பவர்கள் அதிகம்.

உங்கள் மிதவை அமைப்பில் உண்மையிலேயே புதிதாக ஏதேனும் இருந்தால், தனிநபருக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய்தான். தற்காலிக விண்ணப்பம் கொடுத்துவிட்டு 12 மாதங்களுக்குள் முழு விவரணத்தைத் தரலாம். ஆனால் 2019 முதல் வெளிப்படையாக விற்றதற்கு இனிமேல் கேட்க முடியாது. புதிதாகச் சேர்ப்பதற்கு மட்டுமே. காப்புரிமை வேண்டாம், பிறரும் இதை அடைத்துக்கொள்ளக் கூடாது என்றால், வரைபடத்தைத் தேதியோடு பொதுவெளியில் வெளியிட்டுவிடுங்கள். அமெரிக்காவில் பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் முப்பரிமாண அச்சு முறையின் அடிப்படைக் காப்புரிமை 2009-ல் முடிந்த பிறகுதான் மலிவு விலை அச்சுப்பொறிகள் பெருகின. காலாவதியான காப்புரிமைகள் தாராளமாக எடுத்தாளத் தக்க பொதுச் சொத்து. புதிய மாதிரிக்கு யோசனை தேடும்போது அங்கிருந்து தொடங்குவது பாதுகாப்பு.

அம்பத்தூர்வாசி

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைத் தெரிவித்துவிடுகிறேன்.

புதிய பலகைகளில் அச்சாகிவிட்ட 60 போக மீதியை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அந்த 60-லும் நினைவகச் சிப்பைப் பொருத்தாமல், நேரத்தை அமைக்க ஒரு திருகு வைக்க முடியும் என்று என் உதவியாளர் சொல்கிறார். அப்படி மாற்றியது கிளெய்முக்கு வெளியே போகிறதா என்று ஒரு முகவரிடம் எழுத்தில் கருத்துக் கேட்ட பிறகே விற்பேன். சிங்கப்பூர் நண்பரிடம் பழைய மாதிரி மட்டும் தருவதாகவும், அங்குள்ள பதிவேட்டைப் பார்த்த பிறகே அனுப்புவதாகவும் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முகப்பேருக்குப் போயிருந்தேன். முதல் பெட்டி மோட்டார் அறைச் சுவரில் அப்படியே இருக்கிறது. மேலே ஒரு பல்லி முட்டை, ஓரமெல்லாம் துரு, உள்ளே ரிலே இன்னும் சத்தமாக விழுகிறது. செயலாளர் முன்னிலையில் மூடியைத் திறந்தோம். மூடியின் உட்புறத்தில் சம்ப் மிதவைக்கும் மேல்தொட்டி மிதவைக்கும் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று மார்க்கர் பேனாவால் நானே வரைந்திருக்கிறேன். லாரி நின்றபின் 5 நிமிடம் என்றும், கீழே 23-6-2019 என்றும் எழுதியிருக்கிறது. எழுதியது எனக்கு நினைவே இல்லை. சங்கத் தீர்மானப் புத்தகத்தில் ஜூலைக் கூட்டத்தின் பக்கத்தில் 4,200 ரூபாய் செலவும் இருக்கிறது. மிதவைக் கன்ட்ரோலர் என்றே எழுதியிருக்கிறார்கள்.

படங்களையும், அந்தப் பக்கத்தின் நகலையும், பிரித்தெழுதிய கிளெய்ம் தாளையும் எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை பாரிமுனையில் ஒரு வழக்கறிஞரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். பதில் நோட்டீஸுக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. மூடியைக் கழற்றித் தர முடியுமா என்று கேட்டதற்குச் செயலாளர் மறுத்துவிட்டார். மழைக்காலம் வருகிறது, மூடியில்லாமல் பெட்டியை விட முடியாது என்கிறார். அவர் சொல்வதும் சரிதான். நீதிமன்றம் கேட்கும் நாள் வந்தால் அதற்கு ஒரு புது மூடி செய்து கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொள்வதாகப் பேசியிருக்கிறோம்.